சென்னையிலிருந்து வழிகாட்டியுடன் ஒருநாள் குழுச் சுற்றுலா: காஞ்சிபுரம் – மாமல்லபுரம்

வழிகாட்டியுடன் கூடிய ஒருநாள் குழுச் சுற்றுலா என்பது, ஒரு பெருநகரிலிருந்து காலையில் புறப்பட்டு, அருகிலுள்ள ஒன்றிரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு, அன்று மாலையோ இரவோ அதே நகருக்குத் திரும்பும் பயணமாகும். ஒரே பேருந்தில் அல்லது வேனில் பலர் சேர்ந்து செல்வர். போகும் வழி, நேரம், நிறுத்தங்கள் ஆகியவற்றை ஏற்பாட்டாளர் முன்கூட்டியே முடிவு செய்வார். இடங்களைப் பற்றி விளக்கிச் சொல்ல வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். இரவு தங்க வேண்டியதில்லை என்பதால் செலவு குறைவு. முதியவர்களும் தனியாகப் பயணம் செய்பவர்களும் வெளியூரிலிருந்து நகருக்கு வந்தவர்களும் இதை அதிகம் விரும்புகின்றனர்.

தமிழ்நாட்டில் இத்தகைய பயணத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு, சென்னையிலிருந்து காஞ்சிபுரத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் சென்று திரும்பும் ஒருநாள் சுற்றுலா ஆகும். 1971-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் பல தனியார் நிறுவனங்களும் இதனை நடத்தி வருகின்றன. பள்ளி, கல்லூரிகளின் கல்விச் சுற்றுலாக்களிலும் இவ்விரு ஊர்களும் தவறாமல் இடம் பெறுகின்றன. இப்பயணம் எப்படித் திட்டமிடப்படுகிறது, எதைப் பார்க்க வேண்டும், எங்கே ஏமாற்றமும் ஆபத்தும் நேர்கின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

கூட்டமாகச் சேர்ந்து பயணம் போவது தமிழர்களுக்குப் புதிதன்று. பாதயாத்திரையாகவும் வண்டி கட்டிக்கொண்டும் திருவிழாக்களுக்குச் சென்றுவந்த ஊர்கள் பல. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு, போக்குவரத்தை ஏற்பாடு செய்து, ஒரே நாளில் அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடும் முறை இரயில் வந்த பிறகே பரவியது. 1841 சூலை 5 அன்று இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர், லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்னும் ஊருக்கு ஏறத்தாழ 500 பேரை இரயிலில் அழைத்துச் சென்றார். மதுவிலக்குக் கூட்டம் ஒன்றில் கலந்துகொள்வதற்காக நடந்த பயணம் அது. போய்வரக் கட்டணம் ஒரு ஷில்லிங். இன்றைய குழுச் சுற்றுலாத் தொழிலின் தொடக்கங்களுள் ஒன்றாக இது குறிப்பிடப்படுகிறது.

மாமல்லபுரம் ஒரு காலத்தில் சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தொலைவாக இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பார்க்கச் சென்றவர்கள் பக்கிங்காம் கால்வாயில் படகேறி, இரவெல்லாம் பயணம் செய்து சென்றனர். கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்படுத்தப்பட்ட பின்னரே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சென்று சேரும் ஊராக அது மாறியது.

வழியும் தொலைவும்

இச்சுற்றுலாவின் வழி ஏறக்குறைய ஒரு முக்கோணம் போன்றது.

1. சென்னை – காஞ்சிபுரம்: பெங்களூர் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூர் வழியாக, சுமார் 75 கி.மீ. திருப்பெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். 1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் இராசீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் எழுப்பப்பட்ட நினைவிடமும் இங்கு உள்ளது.
2. காஞ்சிபுரம் – மாமல்லபுரம்: வாலாசாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக, சுமார் 65 கி.மீ.
3. மாமல்லபுரம் – சென்னை: கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக, சுமார் 58 கி.மீ.

மொத்தம் ஏறத்தாழ 200 கி.மீ. பேருந்தில் மட்டும் ஐந்து மணி நேரத்திற்கு மேல் கழியும். சுற்றுலா விளம்பரங்களில் இடங்களின் பெயர்ப் பட்டியலே பெரிதாகத் தெரியும். பயணத்தின் தரத்தைத் தீர்மானிப்பது, இந்த ஐந்து மணி நேரம் போக மீதியுள்ள நேரத்தை ஏற்பாட்டாளர் எப்படிப் பங்கிடுகிறார் என்பதே.

காஞ்சிபுரம் ஏன் முதலில்?

பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் காலையில் காஞ்சிபுரத்திற்கும் பிற்பகலில் மாமல்லபுரத்திற்கும் செல்கின்றனர். காரணம் எளிது. காஞ்சிபுரத்துக் கோயில்கள் பொதுவாக நண்பகலில் நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு மணி அளவில்தான் மீண்டும் திறக்கப்படும். மாமல்லபுரத்தின் நினைவுச் சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளவை. அவை பகல் முழுவதும் திறந்திருக்கும், ஆனால் மாலை ஆறு மணிக்கு மூடப்படும். எனவே இந்த நாளுக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று நண்பகலில், மற்றொன்று மாலை ஆறு மணிக்கு.

காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டால் காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் கைநழுவும். பிற்பகலில் ஒரு மணி நேரம் தாமதமானால் கடற்கரைக் கோயிலை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். இந்த இரண்டு பூட்டுகளையும் மனத்தில் வைத்தே கீழ்க்கண்டது போன்ற கால அட்டவணை வகுக்கப்படுகிறது.

மாதிரி அட்டவணை

- காலை 6.30: சென்னையிலிருந்து புறப்பாடு
- 8.30 – 9.00: காஞ்சிபுரத்தில் சிற்றுண்டி
- 9.00 – 9.45: கைலாசநாதர் கோயில்
- 10.00 – 10.45: ஏகாம்பரநாதர் கோயில்
- 11.00 – 11.45: வரதராசப் பெருமாள் கோயில்
- 11.45 – 12.30: பட்டு நெசவு பார்த்தல்
- 12.30 – 1.15: மதிய உணவு
- 1.15 – 3.00: மாமல்லபுரம் பயணம்
- 3.00 – 3.50: அர்ச்சுனன் தபசு, குன்றுப் பகுதி
- 4.00 – 4.40: ஐந்து இரதங்கள்
- 4.50 – 5.30: கடற்கரைக் கோயில்
- மாலை 5.30: புறப்பாடு, 7.00: சென்னை

இந்த அட்டவணையின்படி பயணம் முழுவதும் பன்னிரண்டரை மணி நேரம். அதில் பேருந்துப் பயணம் 5 மணி 15 நிமிடம். உண்பதற்கு 1 மணி 15 நிமிடம். நெசவு பார்க்க 45 நிமிடம். ஊருக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல 50 நிமிடம். கோயில்களையும் சிற்பங்களையும் பார்க்கக் கிடைப்பது 4 மணி 25 நிமிடமே. நாளின் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

எனவே நேரந்தவறாமை இங்கே வெறும் ஒழுக்கப் பாடம் அன்று. நாற்பது பேர் கொண்ட குழுவில் ஆறு நிறுத்தங்களிலும் யாரேனும் ஒருவர் பத்து நிமிடம் தாமதித்தால் ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் எந்தக் கணக்கிலிருந்து கழியும் என்றால், பார்க்கும் நேரத்திலிருந்துதான். சாலையையும் சாப்பாட்டையும் குறைக்க முடியாது.

காஞ்சிபுரத்தில் காண வேண்டியவை

பல்லவர்களின் தலைநகராக இருந்த ஊர் காஞ்சிபுரம். சீனப் பயணி யுவான் சுவாங் 7-ஆம் நூற்றாண்டில் இந்நகருக்கு வந்து எழுதி வைத்துள்ளார். ஒரே நாளில் ஊரின் எல்லாக் கோயில்களையும் பார்ப்பது இயலாது. மூன்றினைத் தேர்ந்து நிதானமாகப் பார்ப்பதே நல்லது.

கைலாசநாதர் கோயில்: இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. பெரும்பகுதி மணற்கல்லால் ஆனது. திருச்சுற்றைச் சுற்றிலும் 58 சிறு சன்னிதிகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றில் பழைய வண்ண ஓவியங்களின் எச்சங்களை இன்றும் காணலாம். பின்னாளில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு இக்கோயிலைக் 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி' என்று குறிப்பிடுகிறது. கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய பாதை உண்டு. அதில் தவழ்ந்து நுழைந்து தவழ்ந்தே வெளியே வர வேண்டும். மூட்டுவலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்பதை வழிகாட்டி முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஏகாம்பரநாதர் கோயில்: ஐம்பூதத் தலங்களுள் நிலத்திற்குரியது. ஏறத்தாழ 57 மீட்டர் உயரமுள்ள இதன் இராச கோபுரம் விசயநகர மன்னர் கிருட்டிணதேவராயர் காலத்தில், 1509-இல் கட்டப்பட்டது. தலமரம் மாமரம். கோயிலின் பெயரே ஒற்றை மாமரத்தின் அடியில் எழுந்தருளிய இறைவன் என்னும் பொருளுடையது.

வரதராசப் பெருமாள் கோயில்: விசயநகரக் காலச் சிற்ப வேலைப்பாடு மிகுந்த நூற்றுக்கால் மண்டபமும், ஒரே கல்லில் செதுக்கப்பட்ட சங்கிலியும் புகழ் பெற்றவை. கோயில் குளத்துக்குள் வைக்கப்பட்டிருக்கும் அத்திவரதர் திருமேனி 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படுகிறது. 1979-க்குப் பிறகு 2019-இல் 48 நாள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டது.

மாமல்லபுரத்தில் காண வேண்டியவை

பல்லவர்களின் துறைமுக நகரமாக விளங்கிய மாமல்லபுரத்தின் சின்னங்களை 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

அர்ச்சுனன் தபசு: இரண்டு பெரும் பாறைகளின் முகப்பில், சுமார் 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் உள்ள புடைப்புச் சிற்பத் தொகுதி. இது அர்ச்சுனன் பாசுபதம் வேண்டித் தவம் இருந்ததைக் காட்டுகிறது என்று ஒரு சாராரும், பகீரதன் தவத்தால் கங்கை இறங்கியதைக் காட்டுகிறது என்று மற்றொரு சாராரும் கூறுவர். இரு பாறைகளுக்கும் நடுவே இயற்கையாக அமைந்த பிளவில் நாகர்கள் செதுக்கப்பட்டிருப்பது இரண்டாவது கருத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. யானைகளின் காலருகே பின்னங்கால்களில் நின்று தவம் செய்வதாக நடிக்கும் பூனையையும், அதைச் சுற்றி நிற்கும் எலிகளையும் குழந்தைகள் தாமே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடலாம்.

ஐந்து இரதங்கள்: ஒவ்வொன்றும் ஒரே பாறையிலிருந்து மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கப்பட்ட ஒற்றைக்கல் கோயில். பெரும்பாலும் முதலாம் நரசிம்மவர்மன், அதாவது மாமல்லன், காலத்தனவாகக் கொள்ளப்படுகின்றன. திரௌபதி இரதம் குடிசை வடிவினது. உள்ளே இருப்பது கொற்றவை. பீம இரதம் வண்டிக்கூடு போன்ற நீண்ட கூரை உடையது. நகுல சகாதேவ இரதத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். அதன் அருகிலேயே கல்யானை ஒன்று நிற்கும். இவற்றுக்கும் பாண்டவர்களுக்கும் தொடர்பில்லை. பெயர்கள் மக்கள் வழக்கில் பின்னர் ஏற்பட்டவை.

கடற்கரைக் கோயில்: பாறையைக் குடையாமல், கருங்கற்களை வெட்டி அடுக்கிக் கட்டப்பட்ட கோயில். இராசசிம்மன் காலத்தது. சிவனுக்கு இரண்டு சன்னிதிகளும் அவற்றின் நடுவே பள்ளிகொண்ட பெருமாளின் சன்னிதியும் உள்ளன. உப்புக்காற்றால் சிற்பங்கள் தேய்ந்துவிட்டன. அலையைத் தடுக்கக் கற்சுவரும் காற்றைத் தடுக்க மரங்களும் அமைக்கப்பட்டுள்ளன. சிற்பங்களைத் தொடுவதும் மேலேறிப் படம் எடுப்பதும் கூடாது.

2004 திசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது மாமல்லபுரத்தின் வடக்கேயுள்ள சாளுவன்குப்பத்தில் மணல் அரிக்கப்பட்டுக் கல்வெட்டுள்ள பாறை ஒன்று வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து தொல்லியல் துறை 2005-இல் நடத்திய அகழாய்வில் மண்ணுக்குள் புதைந்து கிடந்த பழைய முருகன் கோயில் ஒன்று கண்டறியப்பட்டது. ஒருநாள் சுற்றுலாக்களில் பொதுவாக இது இடம் பெறுவதில்லை. எனினும் வரலாறு படிக்கும் மாணவர்கள் தனியே சென்று பார்க்கத் தக்கது.

வழிகாட்டியின் பங்கு

மேலே கூறிய இடங்களை வழிகாட்டி இல்லாமலும் பார்க்கலாம். அப்படியெனில் அவருக்கு என்ன வேலை? இந்த நாளில் பார்க்கும் இடங்கள் கால வரிசைப்படி அமையவில்லை. காலையில் பார்க்கும் கைலாசநாதர் கோயில், மாலையில் பார்க்கும் இரதங்களுக்குப் பிற்பட்டது. முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றிக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டு கூறுகிறது. அந்தக் குடைவரையில் தொடங்கி, ஒற்றைக்கல் இரதம், பின்னர் கல் அடுக்கிய கட்டுமானக் கோயில் என ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் நடந்த வளர்ச்சியை இணைத்துக் காட்டினால்தான், தனித்தனியாகப் பார்த்தவை ஒரு வரலாறாக மனத்தில் பதியும். அந்த இணைப்பைச் செய்வதே வழிகாட்டியின் வேலை.

வழிகாட்டிகளுக்கு ஒன்றிய சுற்றுலா அமைச்சகமும் மாநிலச் சுற்றுலாத் துறையும் பயிற்சியும் அடையாள அட்டையும் வழங்குகின்றன. பயணத் தொடக்கத்தில் அந்த அட்டையைப் பார்க்கக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அட்டை இருந்தால் மட்டும் போதாது. நல்ல வழிகாட்டியைச் சில அடையாளங்களால் அறியலாம்.

- வரலாற்றுச் செய்தியையும் செவிவழிக் கதையையும் பிரித்துச் சொல்வார். கதை சுவையானதுதான், ஆனால் அதைக் கதை என்றே சொல்ல வேண்டும்.
- கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் இரண்டு பக்கத்தையும் சொல்வார்.
- பேருந்திலேயே முன்னுரையை முடித்துவிட்டு, இடத்தில் பார்ப்பதற்கு நேரம் விடுவார்.
- நிழலில் குழுவை நிறுத்திப் பேசுவார். பின்வரிசையில் நிற்பவருக்குக் கேட்கிறதா என்று பார்ப்பார்.
- கேள்வி கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்.

பட்டுக்கடை நேரம்

இச்சுற்றுலாவில் அதிகம் குறை கூறப்படுவது கடைகளில் கழியும் நேரம். காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற நெசவு. உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாகத் தனித்தனி நாடாக்களால் நெய்து ஒன்றாகச் சேர்க்கும் 'கோர்வை' முறை இதன் சிறப்பு. தறியின் முன் நின்று இதைப் பத்து நிமிடம் பார்ப்பது, கோயில் பார்ப்பதற்கு எவ்வகையிலும் குறைந்த அனுபவம் அன்று.

ஆனால் 'நெசவு பார்த்தல்' என்ற பெயரில் விற்பனைக் கூடத்துக்கு அழைத்துச் சென்று ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பதும் உண்டு. இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். குழுவில் விற்பனையாகும் தொகையில் ஒரு பங்கைக் கடைக்காரர் அழைத்து வந்தவருக்குக் கமிஷனாகத் தருவது பல சுற்றுலாத் தலங்களில் உள்ள வழக்கம். பயணக் கட்டணம் வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தால், மீதியை இந்தக் கமிஷன் ஈடு செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் சுமை வாங்குபவர் மேல் விலையாகவும், வாங்காதவர் மேல் இழந்த நேரமாகவும் விழுகிறது. மேலே கொடுத்த அட்டவணையில் கடை நேரம் இரட்டிப்பானால், கடற்கரைக் கோயிலுக்கு உரிய நாற்பது நிமிடமும் அத்தோடு தீர்ந்தது.

இதைத் தவிர்க்க, பதிவு செய்யும்போதே கடையில் நிற்கும் நேரம் எவ்வளவு என்று கேட்டு, எழுத்தில் பெறலாம். வாங்க விரும்புவோர் கூட்டுறவு நெசவாளர் சங்க விற்பனை நிலையங்களைக் கேட்டுச் செல்லலாம். தூய பட்டு என்பதற்கு மத்திய பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' முத்திரை உள்ளதா எனப் பார்த்து, ரசீதும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பதிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை

1. கட்டணத்தில் எவை அடங்கும்? சிற்றுண்டி, மதிய உணவு, நுழைவுச்சீட்டு, வழிகாட்டி ஊதியம், குடிநீர் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மாமல்லபுரச் சின்னங்களுக்கான நுழைவுக் கட்டணம் இந்தியருக்கும் வெளிநாட்டவருக்கும் வேறுபடும். 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை.
2. எங்கே ஏற்றிக்கொள்வார்கள்? நகருக்குள் ஆறேழு இடங்களில் நின்று ஆள் ஏற்றும் பேருந்து, முதலில் ஏறியவருக்கு ஒரு மணி நேரத்தை வீணாக்கும்.
3. வழிகாட்டி எந்த மொழியில் பேசுவார்? இரண்டு மொழிகளில் சொன்னால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் விளக்கம் பாதியாகும்.
4. ஓர் இடம் மூடியிருந்தாலோ மழை பெய்தாலோ மாற்று ஏற்பாடு என்ன? பயணம் ரத்தானால் பணம் எப்போது திரும்பும்?
5. வண்டி எது? சுற்றுலாவுக்கு உரிய மஞ்சள் எண்பலகை உள்ள வாடகை வண்டியாக இருக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டு வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் காப்பீடு பெறுவதிலும் சிக்கல் வரும்.

சொன்னபடி சேவை கிடைக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீதும் பயணத் திட்டத்தின் நகலும் கையில் இருந்தால்தான் முறையீடு நிற்கும்.

பாதுகாப்பு

ஓட்டுநர்: பயணிகள் பேருந்தில் உறங்கலாம், ஓட்டுநர் உறங்க முடியாது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு தொழிலாளியின் வேலை நேரம் பொதுவாக நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மிகக்கூடாது என்றும், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றும் கூறியது. குழு கோயிலுக்குள் இருக்கும் நேரம் ஓட்டுநர் உண்ணவும் கண்ணயரவும் உரியது. முன்னாள் இரவு முழுக்க வேறு பயணம் ஓட்டிவிட்டு அதே ஓட்டுநர் காலையில் வந்தால் அந்தப் பயணத்தில் ஏறக்கூடாது. திரும்பும் வழியில் 'இன்னும் ஓர் இடம்' என்று பயணிகள் வற்புறுத்துவதும், 'சீக்கிரம் போங்கள்' என்று விரட்டுவதும் அவர்களுக்கே ஆபத்து.

கடல்: மாமல்லபுரக் கடல் பார்க்க அமைதியாகத் தோன்றும். நீரோட்டமும் திடீர்ப் பள்ளங்களும் பாறைகளும் உள்ள கரை அது. காவல் துறையின் எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும், வெளியூரிலிருந்து குழுவாக வந்த இளைஞர்களும் மாணவர்களும் அலையில் சிக்கி உயிரிழந்த செய்திகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. கால் நனைக்கப் போனவர் இடுப்பளவுக்குப் போவதும், அவரைக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவதும் இப்படித்தான் நிகழ்கிறது. அட்டவணையில் கடைசி இடம் கடற்கரை என்பதால், களைப்பும் உற்சாகமும் ஒன்றாகக் கூடும் வேளை அது. எனவே பள்ளிக் குழுக்களில் கடலில் இறங்குவதற்கு அனுமதியே இல்லை என்று புறப்படும் முன்பே, பெற்றோர் முன்னிலையில் சொல்லிவிட வேண்டும். கரைக்கு வந்தபின் சொன்னால் பலருக்குக் கேட்காது.

வெயில்: கோயிலுக்குள் காலணி கூடாது. பங்குனி, சித்திரை வெயிலில் முற்பகலிலேயே கருங்கல் தளம் சுடும். பருத்திக் காலுறை, தொப்பி அல்லது குடை, குடிநீர் ஆகியவை அவசியம். மார்கழி முதல் மாசி வரையிலான மாதங்கள் இப்பயணத்திற்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்க்க வேண்டும். காணும் பொங்கல் போன்ற நாள்களில் மாமல்லபுரத்தில் கூட்டம் மிகுதியாக இருக்கும்.

அவசர உதவி: 112 பொது அவசர எண்; 108 ஆம்புலன்ஸ் எண்.

முதியவர்களும் உடல்நலக் குறைவு உள்ளவர்களும்

ஒருநாள் சுற்றுலாவில் நடை சிறிது சிறிதாகச் சேர்ந்து பெரிதாகிவிடும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கோயில் வாசல் வரை, வாசலிலிருந்து கருவறை வரை, மீண்டும் அதே தூரம் என்று கணக்கிட வேண்டும். மாமல்லபுரக் குன்றுப் பகுதியில் பாறைச் சரிவும் படிகளும் உண்டு. ஏற இயலாதவர்கள் அர்ச்சுனன் தபசின் முன்னேயே நிற்கலாம். அது சாலையோரத்தில், சமதளத்திலிருந்தே பார்க்கக்கூடியது. மருந்து உட்கொள்வோர் வேளை தவறாமல் உண்ண வேண்டும் என்பதை வழிகாட்டியிடம் முன்பே தெரிவிக்கலாம். கழிவறை வசதி எந்த நிறுத்தத்தில் உண்டு என்பதைப் பேருந்திலேயே அறிவிப்பது வழிகாட்டியின் கடமை. கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுவதும் நீர் அருந்தாமல் இருக்கும் முதியவர்களும் மாணவிகளும் ஒவ்வொரு குழுவிலும் உண்டு.

மாணவர் குழுக்களுக்கு

பள்ளிச் சுற்றுலாவில் தலை எண்ணுவது முதல் விதி. ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர்ப்பட்டியல் வைத்து எண்ண வேண்டும். 'எல்லோரும் வந்தாச்சா?' என்று கேட்டால் வராதவர் பதில் சொல்ல மாட்டார். மாணவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவரைக் காணாவிட்டால் மற்றவர் உடனே தெரிவிக்கும் முறை மிகவும் பயன் தரும். பொறுப்பு ஆசிரியரின் கைபேசி எண்ணை ஒவ்வொருவரும் தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

சுற்றுலாவுக்கு முந்தைய வாரம் வகுப்பில் ஒரு பாடவேளையைப் பல்லவர் வரலாற்றுக்கு ஒதுக்கினால், அன்றைய விளக்கம் புதிதாக விழாமல் ஏற்கெனவே கேட்டதன் தொடர்ச்சியாக அமையும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சிறு தேடல் வேலை கொடுக்கலாம். முற்றுப்பெறாமல் விடப்பட்ட சிற்பம் ஒன்றைக் கண்டுபிடித்தல், கூரை வடிவங்களை வரைந்து வருதல், கைலாசநாதர் கோயிலில் சிங்கத் தூண்கள் எங்கெங்கு உள்ளன என்று பார்த்தல் போன்றவை எளியவை. கைபேசியில் நூறு படம் எடுத்தவரைவிட, ஒரு சிங்கத்தை ஐந்து நிமிடம் பார்த்து வரைந்தவருக்கு அது நெடுநாள் நினைவிருக்கும்.

நன்மையும் வரம்பும்

குழுச் சுற்றுலாவின் நன்மை, தனியாகப் போக இயலாதவரையும் போக வைப்பது. வண்டி ஓட்டத் தெரியாதவர், துணைக்கு ஆள் இல்லாதவர், மொழி தெரியாதவர் ஆகியோருக்கு இதைவிட எளிய வழி இல்லை. அதன் வரம்பு, விருப்பப்படி நிற்க முடியாமை. ஒரு சிற்பத்தின் முன் அரை மணி நேரம் நிற்க விரும்புபவருக்கு நாற்பது நிமிடக் கோயில் போதாது.

எனவே ஒருநாள் சுற்றுலாவை ஒரு நூலின் பொருளடக்கம் போலக் கொள்ளலாம். எந்த இடத்திற்குத் திரும்ப வர வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும். காஞ்சிபுரத்திற்குச் சென்னையிலிருந்து இரயிலும் பேருந்தும் உண்டு. மாமல்லபுரத்திற்கு நகரப் பேருந்துகளே செல்கின்றன. குழுவோடு ஒருமுறை பார்த்து வந்தவர், மனத்தில் தங்கிய அந்த ஒரு கோயிலுக்காக மற்றொரு நாள் தனியே சென்று வருவது கடினம் அன்று.